விண்ணப்பம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

(உலக ஜெப தினத்தை ஒட்டி, ஒரு தமிழ்ச் சபையின் மகளிர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உலகமெங்கும் கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றுகூடி ஜெபிக்கிறார்கள். ஒரு நாட்டுப் பெண்கள் எழுதித் தரும் ஜெபத்தை மற்ற நாட்டுப் பெண்கள் ஏறெடுக்கிறார்கள். முகம் தெரியாத ஒரு பெண்ணின் கவலையை உங்கள் வாயால் சொல்வது நல்ல பழக்கம். இன்று நான் பேச வந்திருப்பதும் முகம் தெரியாத பெண்களைப் பற்றித்தான். அவர்கள் வேறு நாட்டவர்கள் அல்லர். நம் நாட்டின் சரவாக் காட்டில் வாழும் பினான் பெண்கள். அவர்களில் பலர் உங்களைப் போலவே கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மலாயிலும் தங்கள் மொழியிலும் ஜெபிக்கிறார்கள். நீங்கள் தமிழில் ஜெபிக்கிறீர்கள். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

நான் போதகர் அல்ல. எனவே பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஆனால் உங்கள் வேதப் புத்தகத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பற்றிப் பேச வழக்கறிஞருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓர் ஊரில் ஒரு விதவை. அவளுக்கு அநியாயம் செய்த ஓர் எதிராளி. அந்த ஊரின் நீதிபதியோ கடவுளுக்கும் பயப்படாதவர், மனிதரையும் மதிக்காதவர். அவள் அவரிடம் போய் நியாயம் கேட்கிறாள். கிடைக்கவில்லை. மறுபடி போகிறாள். மறுபடியும் போகிறாள். கடைசியில், இவள் தொல்லை தாங்க முடியவில்லை என்று நீதிபதியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இந்தக் கதையை இயேசு எதற்காகச் சொன்னார்? சோர்ந்து போகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதை விளக்குவதற்காக. அதில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு. ஜெபத்தைப் பற்றிய கதையில் அந்த விதவை முழங்காலிட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவள் நீதிமன்றத்துக்கு நடக்கிறாள். திரும்பத் திரும்ப நடக்கிறாள். அந்த நடையைத்தான் இயேசு ஜெபத்திற்கு உதாரணமாகக் காட்டுகிறார்.

நம் தமிழில் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: விண்ணப்பம். கோயிலிலும் சபையிலும் கடவுளிடம் வைப்பது விண்ணப்பம். தேசியப் பதிவு இலாகாவில் அடையாள கார்டுக்கு நாம் கொடுப்பதும் விண்ணப்பம். அந்த இலாகாவுக்கு அலைந்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கேட்டால் பாதிக் கைகள் உயரும். விண்ணப்பம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாரம் தூசி படிந்து கிடக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு, தேதியைக் குறித்துக்கொண்டு, மறுபடி போய் நிற்பவருக்குத்தான் பதில் வரும். பினான் பெண்களுக்காக நாம் வைக்கும் விண்ணப்பமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாராமில் நடந்தது என்ன?

சரவாக்கின் பாராம் ஆற்றின் நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் பினான் கிராமங்கள் இருக்கின்றன. 2008 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புருனோ மான்செர் நிதியம் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. அந்தப் பகுதியில் வெட்டுமரக் கம்பெனிகளின் வேலையாட்கள் பினான் பெண்களையும் பள்ளி மாணவிகளையும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார்கள் என்பதே அது. கம்பெனிகள் மறுத்தன. அரசியல்வாதிகள் சிலர் நம்ப மறுத்தார்கள். ஆனால் உள்நாட்டுப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்து விசாரித்தது. அந்தப் பணிக்குழுவின் அறிக்கை 2009 செப்டம்பரில் வெளியானது. பினான் பெண்கள் மீது பாலியல் வன்முறை நடந்தது உண்மை என்று நம் அரசாங்கத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2010-இல் பினான் ஆதரவுக் குழு, ஃபோரம்-ஏசியா, ஆசியப் பூர்வக்குடி மகளிர் வலையமைப்பு ஆகியவை சேர்ந்து இன்னோர் அறிக்கையை வெளியிட்டன. அதில் மேலும் பல சம்பவங்கள் பதிவாயின.

அந்தப் பெண்களின் பெயரை நான் சொல்ல மாட்டேன். என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்றும் விவரிக்க மாட்டேன். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

முதல் காரணம், பாதை. கிராமம் காட்டுக்குள் இருக்கிறது. இடைநிலைப் பள்ளியோ லோங் லாமா போன்ற சிற்றூர்களில், பல மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பஸ் கிடையாது. பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகவும் விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பவும், கம்பெனிக்காரர்கள் ஓட்டும் லோரியும் நான்கு சக்கர வண்டியும்தான் அன்று வழியாக இருந்தன. ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போக, தன்னைச் சீரழிக்கக் கூடியவனின் வண்டியில்தான் ஏற வேண்டும் என்றால் அவள் என்ன செய்வாள்? படிப்பை விட வேண்டும், அல்லது பயந்துகொண்டே ஏற வேண்டும். பயந்து படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் இருந்தார்கள்.

இரண்டாவது காரணம், காடு. பினான் மக்கள் காட்டுச் சேகோ மாவையும் வேட்டையையும் ஆற்று மீனையும் நம்பி வாழ்ந்தவர்கள். மரம் வெட்டப்பட்டது. ஆறு கலங்கியது. 1987-இல் அவர்கள் மரலோரிகள் போகும் சாலைகளை மறித்து நின்றார்கள். தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். அதே ஆண்டில் அப்படி மறிப்பதையே குற்றமாக்கி சரவாக் வனச் சட்டம் திருத்தப்பட்டது. காடு போன பிறகு வண்டிக்கும் சாமான்களுக்கும் சிறு வேலைக்கும் கம்பெனியையே அண்டி நிற்கும் நிலை. சாப்பாட்டுக்கு ஒருவனை நம்பியிருக்கும்போது அவன் மீது புகார் கொடுப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம், பத்திரம். பல பினான் மக்களிடம் பிறப்புப் பத்திரமும் இல்லை, அடையாள கார்டும் இல்லை. அது இல்லாதவருக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலே பயம். 'புகார் வரவில்லையே' என்பது அன்று வெளியே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. புகார் எப்படி வரும்? ஸ்டேஷனுக்குப் போக வண்டி வேண்டும். வண்டி கம்பெனியுடையது. போனால் ஐசி கேட்பார்கள். அது இல்லை. பேசினால் புரிய வேண்டும். பினான் மொழி பேசுபவர் அங்கே இருக்க வேண்டும். இத்தனையும் தாண்டினால், கடைசியில் நம்ப வேண்டும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமான சில பெண்களை அந்த ஆண்கள் குழந்தையோடு கைவிட்டுப் போனார்கள். பதிவுத் திருமணம் இல்லாவிட்டால் நம் நாட்டுச் சட்டப்படி குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாயிடமே பத்திரம் இல்லையென்றால் குழந்தைக்கும் சிக்கல். ஆக, ஒருத்திக்கு நடந்த கொடுமை, பத்திரமில்லாமை என்ற வடிவில் அவள் பிள்ளைக்கும் போகிறது.

இது உங்களுக்குத் தெரியாத கதையா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். லயன் வீடு தோட்டத்துடையது. பள்ளிக்கூட லோரி தோட்டத்துடையது. மருந்தகமும் தோட்டத்துடையது. மண்டோரின் பார்வை ஒரு பெண் மேல் விழுந்தால் அவள் வீட்டார் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் மானம் மட்டுமா? வீடும் வேலையும் போய்விடும் என்ற பயமும்தானே? திருமணத்தைப் பதியாமல் தாலி மட்டும் கட்டி, பிறகு பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு அலையும் தாய்மார்கள் இன்றும் என் அலுவலகப் படியேறுகிறார்கள். 2011-இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை இந்தியர்களுக்காக நடத்த வேண்டி வந்ததும் இதனால்தான்.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். பினான் மக்கள் அந்த மண்ணுக்கே உரியவர்கள். நாம் இழந்தது கூலியும் வீடும். அவர்கள் இழந்தது தங்கள் காட்டை. ஆகவே அவர்கள் கதையை நம் கதையாக மாற்றிவிடக் கூடாது. நமக்குப் புரிகிறது என்பதால் நம் பொறுப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

இனி சற்றுத் தூரம் போவோம். கனடா நாட்டின் மேற்கே, பிரின்ஸ் ரூபர்ட் என்ற ஊருக்கும் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊருக்கும் இடையே ஏறக்குறைய 720 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலை 16. மக்கள் அதைக் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்தச் சாலையோரம் பெண்கள் காணாமல் போனார்கள், கொலையுண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பூர்வக்குடிப் பெண்கள். அங்கேயும் ஒரு முக்கியக் காரணம் பாதைதான். கையில் காசில்லை, பஸ் இல்லை. சாலையோரம் நின்று, வரும் வண்டியை மறித்து ஏறிப் போக வேண்டியிருந்தது. 2006-இல் குடும்பத்தாரும் சமூகத் தலைவர்களும் கூடி 33 பரிந்துரைகளை வைத்தார்கள். ஊருக்கு ஊர் பஸ் விட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்த பஸ் சேவை 2017-இல்தான் வந்தது. ஒரு பஸ்ஸுக்கு 11 ஆண்டுகள்!

நாடு முழுவதும் என்ன நிலை? 1980 முதல் 2012 வரை கொலையுண்ட, காணாமல் போன பூர்வக்குடிப் பெண்கள் 1,181 பேர் என்று கனடாக் காவல்துறையே 2014-இல் கணக்குச் சொன்னது. குடும்பங்கள் விடவில்லை. 2006 முதல் ஒவ்வோர் அக்டோபர் 4-ஆம் தேதியும் மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள். தேசிய விசாரணை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விசாரணை 2016-இல் தொடங்கியது. 2019 ஜூனில் வந்த அதன் இறுதி அறிக்கை, நடந்ததை இனப்படுகொலை என்றே சொன்னது. நியாயத்திற்கான 231 அழைப்புகளை முன்வைத்தது. லூக்காவின் விதவையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தேவாலயங்கள் என்ன செய்தன? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பூர்வக்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளை அரசாங்கத்துக்காக நடத்தியவை தேவாலயங்களே. ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் அவற்றில் அடைக்கப்பட்டார்கள். தாயின் மடியையும் மொழியையும் இழந்து வளர்ந்த தலைமுறைகள் அவை. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தார்கள். அடியும் கொடுத்தார்கள். ஜெபம் இருந்த இடத்தில் நியாயம் இல்லை. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபை 1993-இலும், ஐக்கிய சபை 1986, 1998 ஆகிய ஆண்டுகளிலும் மன்னிப்புக் கேட்டன. போப் பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடாவுக்கே போய்ப் பூர்வக்குடி மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் ஆங்கிலிக்கன் தேவாலயங்கள் பல, காணாமல் போன பெண்களுக்காக மணி அடித்தன. அந்த மணியோசையை வெறும் சத்தம் என்று சொன்னவர்களும் உண்டு, ஆறுதல் என்று சொன்னவர்களும் உண்டு. என் கருத்து இது: தன் கணக்கைத் தானே பார்த்த பிறகு ஒரு சபை அடிக்கும் மணிக்கு மதிப்பு உண்டு.

அப்படியானால் நம் கணக்கையும் பார்ப்போம்.

வேதத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரம். தாமார். ராஜா தாவீதின் மகள். அவளைக் கெடுத்தவன் வேறு தாய்க்குப் பிறந்த அவளுடைய அண்ணன். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, வெளியே எல்லாரும் கேட்க அழுதாள். உடன்பிறந்த அண்ணன் சொன்னது, 'சும்மா இரு' என்று. தகப்பன் கோபப்பட்டார். அவ்வளவுதான். தகப்பனும் அவரே, ராஜாவும் அவரே, நீதிபதியும் அவரே. கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டார். நியாயம் கிடைக்காத அந்த வீட்டில் இரண்டு ஆண்டு கழித்துக் கொலை விழுந்தது. தாமார் அண்ணன் வீட்டில் வாழ்விழந்து கிடந்தாள்.

'சும்மா இரு.' 'வெளியே சொல்லாதே.' 'தங்கச்சி கல்யாணம் என்னாவது?' 'மாமாதானே, மன்னித்துவிடு.' 'ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்.' இந்தச் சொற்கள் கோயில் வைத்திருக்கும் வீட்டிலும் சொல்லப்படுகின்றன, சிலுவை மாட்டியிருக்கும் வீட்டிலும் சொல்லப்படுகின்றன. ரிப்போர்ட் செய்துவிட்டு, உறவினர் வற்புறுத்தலால் அதைத் திரும்பப் பெற வருகிறவர்களை வழக்கறிஞர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மன்னிப்பது அந்தப் பெண்ணின் உரிமை. அவள் காயம் ஆறும் முன் அதை அவளிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை இல்லை. பினான் பெண்ணுக்காகச் சபையில் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நம் பிள்ளையைச் சும்மா இருக்கச் சொன்னால் அந்த ஜெபம் எங்கே போய்ச் சேரும்?

ஆகவே ஜெபத்தோடு சேர்த்து நான்கு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. முதலில் நம்புங்கள். பாராமின் பெண்களை அன்று பலர் நம்பவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வந்து சொன்னால், 'ஏன் அங்கே போனாய்?' என்று கேட்காதீர்கள். 'நான் நம்புகிறேன், நான் கூட வருகிறேன்' என்று சொல்லுங்கள்.

2. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அசம்பாவிதம் நடந்தால் குளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டாக்டர், ஆலோசகர், போலீஸ் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து உதவும் ஓஎஸ்சிசி ஏற்பாடு பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் உண்டு. 15999 என்பது தாலியான் காசே உதவி எண். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டனை கொடுக்க முடியும். வேறு யாரும் பார்க்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு எதிரான குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. 'சும்மா இரு' என்று சொல்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

3. பத்திரத்தைச் சரிசெய்யுங்கள். திருமணத்தைப் பதியுங்கள். பிறந்த குழந்தையைக் காலத்தோடு பதியுங்கள். உங்கள் வட்டாரத்தில் பத்திரமில்லாத தாய் இருந்தால், அவள் இந்தியரோ பூர்வக்குடியோ, பதிவு இலாகாவுக்கு ஒருவர் துணைக்குப் போங்கள். துணைக்கு ஆள் வந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

4. அவர்கள் கேட்பதையே கேளுங்கள். நாமாக ஒரு தர்மத்தை நினைத்துக்கொண்டு பழைய துணி மூட்டையை அனுப்ப வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வண்டி, எல்லாருக்கும் அடையாள கார்டு, தங்கள் நிலத்தின் மேல் உரிமை என்று பூர்வக்குடி மக்கள் தெளிவாகத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள். நில உரிமை பற்றி சுஹாகாம் தேசிய விசாரணை நடத்தி, 2013-இல் 18 பரிந்துரைகளை வெளியிட்டது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தேர் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் வருகிறாரல்லவா? மாலை போட்ட கையோடு கேளுங்கள்: 'ஐயா, அந்த 18-இல் எத்தனை நடந்தது? பாராமின் பிள்ளைகள் இப்போது எந்த வண்டியில் பள்ளிக்குப் போகிறார்கள்?' பதில் வராவிட்டால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடி கேளுங்கள். தமிழர் ஒருவர் பினான் பிள்ளைக்காகக் கேட்கிறார் என்றால் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. தன் சொந்த லாபத்துக்குக் கேட்கிறார் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தாய்மார்களே, ஜெபிப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை. மனிதர் யாரும் கேட்காதபோது, காட்டுக்குள் ஒரு பெண் கடவுளிடமாவது பேசியிருப்பாள். அந்தப் பேச்சுதான் அவளை உயிரோடு வைத்திருக்கும். அதைக் கேலி செய்ய யாருக்கும் தகுதியில்லை. நான் கேட்பது, அவள் ஜெபத்தில் இருக்கும் பாதையும் வண்டியும் பத்திரமும் நம் ஜெபத்திலும் இருக்கட்டும் என்பதுதான். 'எல்லாப் பெண்களையும் காப்பாற்றும்' என்று பொதுவாகச் சொல்லி ஆமென் போட்டுவிட வேண்டாம். இன்று எழுந்து நிற்கும்போது உங்கள் போதகர் அனுமதித்தால் இப்படிச் சொல்லுங்கள்:

ஆண்டவரே, பாராமின் பெண்கள் சொன்னதை நாங்கள் நம்புகிறோம். பள்ளிக்குப் போகும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பயமில்லாத வண்டியைத் தாரும். பத்திரமில்லாத தாய்க்குப் பத்திரம் கிடைக்கச் செய்யும். எங்கள் வீடுகளில் 'சும்மா இரு' என்ற சொல்லை எடுத்துப் போடும். எங்கள் கால்களுக்கு அந்த விதவையின் கால்களைப் போலப் பலம் தாரும். நாங்கள் மறுபடி போய்க் கேட்கிறோம்.